தட்டு அட்டையின் பின்பக்கம்

என் தங்கை எழுதிய கவிதை எதுவும் மூன்று வரியைத் தாண்டியதில்லை. தாண்டுவதற்கு இடம் கிடையாது. ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து வார்டுக்குப் போகும் ஒவ்வொரு சாப்பாட்டுத் தட்டிலும் உள்ளங்கை அளவுக்கு ஓர் அட்டை செருகியிருக்கும். அதன் முன்பக்கத்தில் கட்டில் எண்ணும் உணவு வகையும் இருக்கும்: உப்பில்லாதது, சர்க்கரையில்லாதது, கஞ்சி மட்டும். அதை எழுதுவதுதான் அவள் வேலை. எழுதிய பிறகு தட்டுகளை வண்டியில் அடுக்க வேண்டும். திரும்பி வந்ததும் மிச்சத்தை வழித்துப் போட்டுவிட்டுக் கழுவக் கொடுக்க வேண்டும்.

அவளைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். செத்துப்போனவரைக் கேலி செய்து எழுதினவள் என்பது ஒன்று. பாவம், விவரம் தெரியாத பெண் என்பது இன்னொன்று. இரண்டும் தப்பு. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. அம்மா போனதும் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பன்னிரண்டாவது வரை படித்தாள். நான் படிக்க வைத்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. கல்யாணமாகி நான் தனிக்குடித்தனம் வந்தபோது அவளையும் கூட்டிக்கொண்டுதான் வந்தேன். முன் அறையில் தையல் மிஷினுக்குப் பின்னால் துணி வெட்டும் மேசை ஒன்று உண்டு. பகலில் அது என் மேசை. மற்ற நேரம் அவள் கட்டில். எவ்வளவு துடைத்தாலும் ஒரு குண்டூசியாவது அவள் முதுகில் குத்தாமல் இருக்காது.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது.

"கவிஞர் எழுந்தாச்சா? மேசைய எடுக்கலாமான்னு கேளு."

"எழுந்தாச்சு அத்தான். நீங்கதான் இன்னும் குறட்டைய நிறுத்தல" என்று அவளும் விடமாட்டாள்.

அவள் வேலை தற்காலிகம். நிரந்தரம் ஆனவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில் ஆளுக்கு ஓர் அறை கொடுப்பார்கள். யாரோ உடம்பு சரியில்லாமல் கிடந்தபோது கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்க அவள் ஒருமுறை அங்கே போயிருக்கிறாள். வந்து என்னிடம் சொன்னது இதுதான்:

"உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குக்கா."

அவளுக்கு வேண்டியிருந்தது அந்த அறை ஒன்றுதான். சேலை கேட்டதில்லை, கல்யாணப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவாள். ஒவ்வொரு வருஷமும் நிரந்தரப் பட்டியல் வரும்போது போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

கவிதை தொடங்கியது ஒரு பனிக்காலத்தின் முடிவில். மூன்றாம் மாடி வார்டில் ஜன்னல் கண்ணாடிக்கு ஆள் உயரம் வரை வெள்ளை பூசியிருப்பார்கள். படுத்திருப்பவர்களுக்கு வெளிச்சம் தெரியும், வேறு எதுவும் தெரியாது. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் அங்கே சாப்பிடாமல் அடம் பிடித்துக்கொண்டிருந்தார். தட்டை எடுக்கப் போன அவளிடம், "வெளியில என்னம்மா நடக்குது? வாழ்நாள் பூரா கண்ணாடி வழியா ரோட்டப் பாத்தவன்மா நான். இங்க பாரு, கண்ணாடிக்கே சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கான்" என்றாராம். மறுநாள் அவர் தட்டில், அந்த அட்டை அளவுக்கே கிழித்த ஒரு துண்டுக் காகிதம் வைத்தாள்.

வெயில் வந்துவிட்டது.
காவலாளி நாற்காலியை
வாசலுக்கு வெளியே போட்டுவிட்டார்.

டிரைவர் அதைப் படித்துவிட்டுக் கஞ்சியைக் குடித்தார். பக்கத்துக் கட்டில்காரர் சும்மா இருப்பாரா?

"அவருக்கு மட்டும் கடுதாசி வருது, நாங்க என்ன இங்க பிக்னிக்கா வந்திருக்கோம்?"

அப்படித்தான் வார்டு முழுவதற்கும் போக ஆரம்பித்தது. நாளுக்கு ஒரு கவிதை, எல்லாத் தட்டிலும் அதே கவிதை. மரத்தில் முதல் மொட்டு தெரிந்ததிலிருந்து வார்டில் மின்விசிறி போடும் வரை எழுதுவாள். மற்றக் காலங்களில் கேட்டால், "இப்ப எழுதினா சரக்கு இல்லாம கடை திறந்த மாதிரி இருக்கும்" என்று சிரிப்பாள். நாலைந்து வசந்தம் இப்படிப் போயிற்று.

எழுதுவது என்றால் உட்கார்ந்து எழுதுவதில்லை. வேலைக்குப் போகும் வழியில் எதையாவது பார்த்து வைத்துக்கொள்வாள். மாலையில் நான் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நிற்பாள்.

"அக்கா, வேர்க்குருன்னு எழுதினா அசிங்கமா இருக்குமா?"

"எங்க எழுதப் போற?"

"மரத்துல."

"மரத்துக்கு எதுக்குடி வேர்க்குரு?"

"கேளேன்" என்று சொல்லிக் காட்டினாள்.

மரத்துக்குக் காய்ச்சல் விட்டது.
மேலெல்லாம்
பச்சை வேர்க்குரு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு மூன்றாம் மாடியும் சிரித்ததாம். இளம் டாக்டர் ஒருவர் அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். என் தங்கை எழுதியதை ஒரு டாக்டர் படம் எடுத்தார் என்று நான் துணி தைக்க வந்தவர்கள் எல்லாரிடமும் சொன்னேன். பொத்தான் வாங்கப் போன கடையிலும் சொன்னேன்.

போன வருஷம் புதிதாக ஓர் உணவு அதிகாரி வந்தார். படித்தவர், சுறுசுறுப்பானவர். கவிதைகளைப் பார்த்ததும் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. மருத்துவக் கண்காணிப்பாளரிடம் கொண்டுபோய்க் காட்டினார். கண்காணிப்பாளர் சமையலறைக்கே இறங்கி வந்து, "யாரும்மா அந்தக் கவிதைப் பொண்ணு?" என்று கேட்டாராம். இந்த முறை பட்டியலில் அவள் பெயர் இருக்கும் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்ததும் வெட்டுமேசையைக் கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"உனக்கும் எனக்கும் தீர்ந்தது போ" என்றாள் மேசையிடம்.

அதிகாரியம்மாவுக்குக் குறையாகத் தெரிந்தது ஒன்றுதான். துண்டுக் காகிதங்கள் சூப்பில் விழுந்தன. "அட்டையோட பின்பக்கம் சும்மாத்தானே இருக்கு? அதுலயே எழுதிடுங்க" என்றார்.

பின்பக்கம் சும்மா இருக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

வார்டில் யாராவது இறந்துபோனால் ஆயாக்கள் மற்ற நோயாளிகள் காதில் விழும்படி அதைச் சொல்லமாட்டார்கள். அந்தக் கட்டிலுக்கு வந்த தட்டில் அட்டையைக் கவிழ்த்து வைத்து அப்படியே திருப்பி அனுப்புவார்கள். சமையலறையில் பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடும். "மூணாம் மாடியில ஒண்ணு கவிழ்ந்திருக்கு" என்று ஒருவர் சொல்ல, அடுத்த வேளைக்கு ஒரு தட்டைக் குறைப்பார்கள். இது எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. கை பழகி வந்த பழக்கம். வெறும் வெள்ளைப் பக்கம் மேலே தெரிந்தால் அந்த ஆள் இல்லை என்று அர்த்தம்.

அதிகாரியம்மாவுக்கு அது தெரியாது. என் தங்கை எடுத்துச் சொன்னாள். "அப்ப அவங்க அட்டையக் கவிழ்க்க வேண்டாம். எடுத்து வெளியில வெச்சுடச் சொல்லுங்க" என்றார் அவர். இவள் மூன்றாம் மாடிக்குப் போய் ஆயாக்களிடம் சொன்னாள். அவர்கள் தலையாட்டினார்கள். ஆட்டியது தலைதான். கை பழையபடிதான் இருந்தது.

பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்த சில நாளிலேயே ஒரு கூத்து நடந்தது. ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் வாங்கிய ஒரு நோயாளி, காலையில் கவிதையைப் படித்துவிட்டு அட்டையைத் திருப்பாமல் அப்படியே தட்டில் போட்டுவிட்டார். தட்டு கீழே வந்தது. தலைமைச் சமையல்காரர் பார்த்தார், உச்சுக் கொட்டினார், மதியத்துக்கு ஒரு தட்டைக் குறைத்துவிட்டார். மதியம் வார்டிலிருந்து ஆயாவின் போன்.

"ரேடியோவுக்கு சாப்பாடு வரல."

"அவர்தான் காலையிலயே போயிட்டாரே. நல்ல மனுஷன், பாவம்."

"போன மனுஷன் இங்க உக்காந்து என்னை வாங்கு வாங்குன்னு வாங்கறார்! சீக்கிரம் அனுப்புங்க!"

என் தங்கையே தட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, செத்தவனுக்குப் பசிக்காதுன்னு யார் சொன்னது? செத்துப் பாத்தவன் எவனாவது வந்து சொன்னானா?"

ஆஸ்பத்திரியே சிரித்தது. அதிகாரியம்மா மட்டும் யோசித்தார். "இது சரிப்பட்டு வருமா? நிறுத்திடலாமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் மேடம். நான் பாத்துக்கறேன்" என்றாள் என் தங்கை.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். பட்டியல் வரப்போகிறது என்பது ஒரு காரணம். ஆனால் அது பாதிதான். வார்டில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் அட்டையைப் புரட்டும் சத்தம் வாசல் வரை கேட்கும் என்று அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்தச் சத்தத்தை இழக்க அவளுக்கு மனசு வரவில்லை.

பார்த்துக்கொள்ளவும் செய்தாள். கவிழ்ந்த அட்டை வந்தால் வார்டுக்குப் போன் போட்டுக் கேட்காமல் தட்டைக் குறைக்கக் கூடாது என்று சமையல்காரரிடம் சொல்லி வைத்தாள். அதன் பிறகு யார் சாப்பாடும் தப்பவில்லை. உயிரோடு இருப்பவர் பட்டினி கிடக்கக் கூடாது என்று எல்லாரும் பார்த்தார்கள். இறந்தவர் பக்கத்தில் யார் வந்து நிற்பார்கள் என்று ஒருவரும் பார்க்கவில்லை. அவளும்தான்.

அந்த வாரம் எனக்குக் கடுமையான ஜலதோஷம். காலையில் எழுந்திருக்க முடியாமல் சுருண்டு கிடந்தேன். வேலைக்குக் கிளம்பியவள் வாசல் வரை போய்த் திரும்பி வந்து என் போர்வையைப் பிடித்து இழுத்தாள். எதிர்வீட்டுச் சுவரோரம் ஏதோ பூத்திருக்கிறது, வந்து பார் என்றாள். நான் போகவில்லை. மறுநாள் அட்டைகளுக்கு அதையே எழுதினாள்.

போர்வைக்குள் இன்னும் எவ்வளவு நேரம்?
வாசலில் மஞ்சள் பூ.
எழுந்து வந்து பார்.

அந்த மறுநாள் விடிந்தபோது, புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெரியவர் இறந்துவிட்டார். காலைத் தட்டு வந்ததும் ஆயா வழக்கம் போல அட்டையைக் கவிழ்த்தார். ஸ்ட்ரெச்சர் கொண்டுவர ஆள் கூப்பிடப் போகும் அவசரத்தில் தட்டைக் கட்டில் பக்கத்து மேசையிலேயே விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி போய் மகன் ஓடி வந்தார். அப்பா தலை முதல் கால் வரை வெள்ளைப் போர்வைக்குள் கிடக்கிறார். பக்கத்தில் ஆறிய கஞ்சி. அதற்கு மேல், என் தங்கையின் வட்ட வட்டமான எழுத்தில், அந்த மூன்று வரி.

அவர் சத்தம் போடவில்லை. அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடக்கம் முடிந்த பிறகு வந்து கண்காணிப்பாளர் மேசையில் அதை வைத்தார். புகாரும் எழுதிக் கொடுத்தார். எழுதியது யாரென்று பார்க்க வேண்டும், ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் என்றார்.

அவளைக் கூப்பிட்டு அனுப்பியபோது நானும் கூடப் போனேன். அறைக்கு வெளியே அதிகாரியம்மா எங்களை ஓரமாக அழைத்துப் போனார்.

"பயப்படாத. அவர் கேக்கப்போறது ஒண்ணுதான். அப்பா இதப் படிச்சாரான்னு. படிச்சார், படிச்சிட்டுச் சிரிச்சார்னு சொல்லிடு. மனசு ஆறிப் புகார திரும்ப வாங்கிக்குவார். பட்டியல் இன்னும் கையெழுத்தாகல, தெரியுமில்ல?"

அவள் சரி என்று தலையசைத்தாள். நானும் அவள் காதில் சொன்னேன்: "சொல்லிட்டு வாடி. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

என்னையும் உள்ளே விட்டார்கள். மகனுக்கு ஐம்பது வயதிருக்கும். இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். முகம் மழிக்கவில்லை. பெரிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல முழங்கால்மேல் வைத்திருந்தார். இவள் வயதுப் பெண்ணை அவர் எதிர்பார்க்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"நீங்கதானா எழுதினது?"

"நான்தாங்க."

"எங்கப்பா இதப் படிச்சாரா?"

அதிகாரியம்மா அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க. தட்டு வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாரு."

"அப்ப இது யாருக்கு எழுதினது?"

"எல்லாருக்கும் எழுதறதுங்க. அவருக்கும்தான். முதல் நாளே எழுதி வெச்சுடுவேன். நான் எழுதறப்ப அவர் உயிரோட இருந்தாருங்க."

அவர் மேசைமேல் இருந்த அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "கடைசியா என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார்.

"முந்தின ராத்திரி கஞ்சி. பாதி குடிச்சிருந்தாரு. ஆரஞ்சு ஒண்ணு வெச்சிருந்தோம், உரிச்சு வெச்சுட்டு சாப்பிடல."

"உரிச்சு எனக்கு வெச்சிருப்பார்" என்றவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். இனி ஒன்றுமில்லை, முடிந்தது என்று நான் நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது. உண்மையைச் சொல்லியே ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க தப்பான பொண்ணு இல்லம்மா. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா நான் கண்ண மூடினா அந்தப் போர்வையும் இந்த அட்டையும்தான் நிக்குது. அவர் படிச்சிருந்தாலாவது பரவாயில்லன்னு நெனச்சுத்தான் வந்தேன். இன்னொருத்தனுக்கு இது நடக்கக் கூடாது."

புகாரை அவர் திரும்ப வாங்கவில்லை. அவரைத் திட்டலாம் என்றால் எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

அவர் போன பிறகு கண்காணிப்பாளர் கேட்டார்: "பின்பக்கத்துல எழுதச் சொன்னது யாரு?"

"எழுதினா நல்லா இருக்கும்னு நான்தான் சொன்னேன் சார்" என்றார் அதிகாரியம்மா. "ஆனா அந்த சாப்பாட்டுக் குழப்பம் வந்தப்பவே நிறுத்திடலாமான்னு கேட்டேன். வேண்டாம், நான் பாத்துக்கறேன்னு சொன்னது இவங்கதான். அங்க இருந்தவங்க எல்லாருக்கும் தெரியும்."

அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

"அப்படிச் சொன்னியாம்மா?" என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

"சொன்னேன் சார்."

படியிறங்கும்போது நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஒரே ஒரு வார்த்தைடி! அந்த ஆளுக்கும் நிம்மதி, உனக்கும் அறை. படிச்சாருன்னு சொன்னா செத்தவர் எழுந்து வந்து இல்லன்னு சொல்லப் போறாரா?"

"சொல்லலாம்னுதான்க்கா போனேன். அவர் என் மூஞ்சியவே பாத்துக் கேட்டார். வரல."

"வரலயாம்! மூணு வரி மூணு வரியா வந்ததே, இது ஒண்ணு வரலயா?"

அவள் எனக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டாள்.

பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. வேலையிலிருந்து எடுக்கவில்லை, அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். தரைக்குக் கீழே இருக்கும் பாத்திரம் கழுவும் அறைக்கு மாற்றினார்கள். தட்டு அட்டைகளை இப்போது கம்ப்யூட்டரில் அச்சடிக்கிறார்கள், கையால் எதுவும் எழுதக் கூடாது என்று உத்தரவு. கவிதையைப் படம் பிடித்துக்கொண்டு போன டாக்டர் அவளைத் தாழ்வாரத்தில் பார்த்தால் செல்போனைப் பார்க்கிறார். "அந்தப் பொண்ணு எங்க?" என்று ரேடியோ கேட்டதற்கு லீவு என்று சொல்லிவிட்டார்களாம். அவரும் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார். ஆயாக்கள் இன்னமும் அட்டையைக் கவிழ்க்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடும்போது, "மேசை அவளுக்குத்தான்னு எழுதி வெச்சிருக்கு போல" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அவர் தட்டை நான் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அதற்குப் பிறகு அவர் மேசையைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்தக் குடியிருப்பு அறை, சமையலறையில் காய்கறி நறுக்கும் பெண்ணுக்குப் போயிற்று. இவளுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவள் அவள். கட்டிலை மாடிக்கு ஏற்ற ஆளில்லை என்று அவள் சொன்னதும், "ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்று இவள் ஒப்புக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் போனேன்.

படித் திருப்பத்தில் கட்டில் மாட்டிக்கொண்டது. காய்கறிக்காரி மூச்சு வாங்கியபடி, "இது உனக்கு வரவேண்டியதுதான், எனக்கே ஒரு மாதிரியா..." என்று ஆரம்பித்தாள்.

"கால் பக்கம் தூக்கு. சுவத்துல இடிக்குது பாரு" என்றாள் என் தங்கை.

கட்டிலை உள்ளே போட்டோம். காய்கறிக்காரி ஜன்னலைத் திறந்தாள். வெளியே ஒரு மரம் உச்சி முதல் அடி வரை வெள்ளையாகப் பூத்து நின்றது. இலையே தெரியவில்லை. காய்கறிக்காரி "அய்யோ!" என்று வாயில் கை வைத்தாள். என் தங்கை ஒருமுறை பார்த்தாள். கட்டிலின் ஒரு கால் ஆடியதால் அதற்கு முட்டுக் கொடுக்க அட்டை ஏதாவது இருக்கிறதா என்று தேடப் போய்விட்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் பூ கொட்டிக் கிடந்தது. பெருக்குகிறவர் அதைக் குவித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் என் பக்கத்தில் நடந்தாள். பாத்திரம் கழுவுகிற சோடாப் பொடியில் வெந்து அவள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"ஏதாவது சொல்லேன்டி" என்றேன். "மூணு வரி. எனக்கு மட்டும்."

"நீ சொல்லுக்கா."

நான் யோசித்தேன். எனக்கு என்ன வரும்?

"பூத்திருக்கு" என்றேன்.

"ஆமா" என்றாள். "பஸ் வருது பாரு, ஓடு."